தேயிலை பார்க்கப் போனோம்

அட்டனிலிருந்து கோத்தகிரிக்கு
ஒரு விமானம், இரண்டு பேருந்து.
வந்து சேர்ந்த மறுநாளே மாமா சொன்னார்:
"சும்மா உக்காந்திருந்தா எப்படி, சுத்திப் பாப்போம்."

சுகந்தியின் வீட்டுக்காரர் ஓட்டும் ஆம்னி.
முன்னால் அப்பா,
தலைசுற்றினால் முகர
அம்மா கொடுத்த எலுமிச்சையோடு.
பின்னால் நாங்கள் நால்வர், ஒரு தூக்குப் புளிச்சோறு,
என் மடியில் அம்மாவின் கைப்பை,
அதற்குள்
வளைவுக்கு ஒருதரம் அம்மா தொட்டுப் பார்க்கும்
மூன்று பாஸ்போர்ட்டு.

முதல் வளைவில் தேயிலை.
அடுத்த வளைவில் தேயிலை.
"என்ன மச்சான்,
தேயிலை பாக்கவா கடல் தாண்டி வந்தேன்"
என்ற அப்பா
பிறகு வேறெதையும் பார்க்கவில்லை.
"கவ்வாத்து ரொம்ப மேல வெட்டியிருக்கான்.
கொழுந்தைக் கத்தரியால அறுக்கிறாளுக,
விரல் என்னாச்சு?"
ஐம்பது வருடம் முன்பு இங்கே வந்து
அரசுத் தோட்டத்தில் முதுகு வளைந்த மாமா
பதில் பேசாமல்
கண்ணாடியை ஏற்றினார்.

கோடநாட்டு முனையில் பள்ளத்தாக்கு இல்லை.
பனிமூட்டம் மட்டும்.
இருபது ரூபாய்க்கு
ஒருவன் தொலைநோக்கி காட்டினான்.
அம்மா வெகுநேரம் பார்த்தாள்.
"தெரியுதாம்மா?"
"தெரியுது."
"என்ன தெரியுது?"
"வெள்ளையா."
காசு கொடுத்த மாமாவின் மனம் நோகக்கூடாது அவளுக்கு.

கீழே பெட்டிக்கடையில் அப்பா கேட்டார்:
"தம்பி, ஆறு பிளேன்டி."
பையன் விழித்தான்.
"பால் ஊத்தாத டீப்பா" என்றார் மாமா.
பிறகு கிளாசைக் கையில் உருட்டிக்கொண்டே
தனக்குத்தானே ஒருமுறை
பிளேன்டி
என்று சொல்லிப் பார்த்தார்.
சுகந்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள்,
அப்பா வாயில் அந்தச் சொல்லை
இதற்கு முன் கேட்டதில்லைபோல.

குன்னூர்ப் பூங்கா வாசலில் வரிசை.
"எந்த ஊரு?"
"அட்டன்" என்றார் அப்பா பெருமையாக.
"அது எங்க?"
"சிலோன்."
"அப்ப பாரினர் டிக்கெட்டு எடுங்க, மூணு."
அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"தங்கச்சி, அங்க
கணக்கெடுக்க வர்றவனெல்லாம் என்னை
இந்தியத் தமிழன்னுதான் எழுதிட்டுப் போறான்."
பின்னாலிருந்தவர் நகரச் சொன்னார்.
மாமாவுக்கு உள்ளூர் டிக்கெட்டு.
அவர் தெருவில் அவருக்கு
இன்றுவரை பெயர்
சிலோன்காரர்.
நான் பணத்தைக் கட்டினேன்.
கேமராவுக்குத் தனி.

புல்வெளியில் புளிச்சோறு தீர்ந்து
நிலக்கடலை உரிக்கையில்
எங்கோ கீழே ஊதல்.
அம்மா எழுந்துவிட்டாள்.
"அண்ணே, கோச்சி!"

மாமா கடலையைக் கீழே வைத்தார்.

எனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்:
அட்டன் ஸ்டேசனில் பெட்டி பெட்டியாய் ஒப்பாரி.
பன்னிரண்டு வயது மருதாயி
அண்ணன் மறந்துபோன சீப்பைத் தூக்கிக்கொண்டு
பிளாட்பாரம் முடியும்வரை ஓடினாள்.
சீப்பு என்னவானது என்று
நான் கேட்டதில்லை.

மரங்களுக்கிடையே நீலப்பெட்டிகள் போயின.
யாரோ பிள்ளைகள் கையசைத்தார்கள்.
அம்மா அசைக்கவில்லை.
முந்தானையை இறுக்கிப் பிடித்து
ஒரு காலை முன்னால் வைத்திருந்தாள்.

"இது மேட்டுப்பாளையத்தோட நின்னுரும், மருதாயி,"
என்றார் மாமா.
"உக்காரு."

திரும்பும்போது இருட்டிவிட்டது.
தேயிலை தெரியவில்லை.
குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல்
அப்பா மெதுவாகக் கேட்டார்:
"பென்சன் எவ்வளவு வருது, மச்சான்?"
மாமா சொன்னார்.
அப்பா அதை எங்கள் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தார்,
விரல் மடக்கி,
இரண்டு தரம்.
கட்டபெட்டு வரும்வரை
ஒன்றும் பேசவில்லை.
பிறகு
கையிலிருந்த எலுமிச்சையைப்
பின்பக்கமாக நீட்டினார்.
மாமா வாங்கி
முகர்ந்துகொண்டார்.