சுழிக்குள் விடும் பாலம்

மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.
செங்காங்கில், பதினோராம் மாடியில்,
அது ஒரு தண்டனை.
வியர்வை சொட்டினால் கறுப்புத் தாள் சுருங்கும்,
விசிறி சுழன்றால்
ஆறு நீர்நாய்களும் சோபாவுக்கு அடியில்.

ஏழாவதற்கு வால் மட்டும் பாக்கி.
தொட்டிலுக்கு மேலே மாட்ட.
நாற்பத்தெட்டு வெள்ளி என்றேன்.
நாற்பதுக்கு ஆகுமா என்றார், சட்டத்தோடு.
சரி என்றுவிட்டு
கத்திமுனையை மாற்றாமல் மிச்சம் பிடித்தேன்;
கட்டைவிரல் சாட்சி.

"பெயருக்கு இடம் விடுங்கள்,
ஏப்ரலில் சொல்கிறேன்."

பிப்ரவரியிலேயே அனுப்பினார்:
பொழிலன்.

எத்தனை சுழி பாருங்கள்.
குடைந்தெடுக்கும் எழுத்தில்
சுழிக்குள் இருக்கும் பொட்டுத் தாள்
பிடிக்க ஆளில்லாமல் உதிரும்.
மயிரிழை அகலத்தில் ஒரு பாலம் விட வேண்டும்,
ஒவ்வொன்றுக்கும்.
ழகரத்திடம் மட்டும் மூன்று முறை தோற்றேன்.

புவாங்கோக் நிலையம்.
அவர் வெளியே வரவில்லை,
கட்டணக் கதவுக்கு மேலாகவே கைமாற்றம்.
சட்டையில் மருத்துவமனையின் வருகையாளர் ஒட்டுத்தாள்,
இன்றைய தேதி.
உறையைப் பிரித்து நின்றபடியே பார்த்தார்.
"இந்தக் கோடு என்ன, பிசிறா?
நறுக்கிவிடலாமா?"

"வேண்டாம்.
அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பக்கத்துக் கதவில் ஒரு பையன்
அட்டையை இரண்டு முறை தட்டினான்.
ஐம்பது வெள்ளித் தாளைக் கையில் திணித்துவிட்டு
மீதி வாங்காமல்
ரயிலுக்கு இறங்கினார்,
படத்தைப் படுக்கைவாட்டில்
இரு கைகளிலும் ஏந்தி.