இன்றைக்கு இல்லை

முதல் நாள் முழங்கால் உயரம்.
அதற்கே கை வியர்த்துக்
குச்சி வழுக்கியது.
பெண்டிகோவின் காலைக்குளிரில்
ஆளில்லாத கால்பந்து மைதானம்,
இரவுப்பணிச் சீருடையோடு நான்.
புல்லில் பெரிய வண்டுபோல் அது
உறுமி, நடுங்கி, உட்கார்ந்தது.

பணி அட்டவணையின் பின்பக்கம் எழுதினேன்:
ஒன்று. நாற்பது நொடி. உடையவில்லை.

மூன்றாம் முறை உடைந்தது.
முதுகு காட்டிப் போகையில் சொன்னபடி கேட்பது
முகம் காட்டித் திரும்பினால்
இடம் என்றால் வலம் போகிறது.
வேலிக் கம்பியில் ஓர் இறக்கை.
நான்கு டாலர். அஞ்சலில் ஆறு நாள்.
அந்த ஆறு நாளும்
வார்டில் படுக்கை தள்ளும்போதெல்லாம்
எதிரே வருகிறவருக்கு
எது இடம், எது வலம் என்று
விரல்கள் தாமாகக் கணக்குப் போட்டன.

ஏழாம் முறை அவசரம்.
செயற்கைக்கோள்கள் கூடும் முன்பே எழுப்பிவிட்டேன்.
'வீடு திரும்பு' என்று அழுத்தினால்
யார் வீட்டுக்கோ கிளம்பியது.
பிடித்து நிறுத்தி இறக்கிய இடம்
கிளெனிஸின் வாசல், குப்பைத் தொட்டியோரம்.
"உன்னுடையதா?" என்றாள்.
நாய் பேசாமல் மோந்தது.
ஓர் ஆமாமுக்கு நான்கு மன்னிப்பு சொன்னேன்.

பிறகுதான் பொறுமை வந்தது.
இறக்கை நான்கையும் நகத்தால் தடவி,
பேட்டரியைச் சட்டைக்குள் சூடாக்கி,
பன்னிரண்டு செயற்கைக்கோள் சேரும்வரை நின்று,
ஆட்களுக்கு முப்பது மீட்டர் விட்டு,
கண் எட்டும் வானத்தில் மட்டும்.

பதினாறாம் முறை
எட்டுப் போட்டது.
வேலூர் ஆர்.டி.ஓ. மைதானத்தில்
இரண்டு தடவை கால் ஊன்றி
நான் தோற்ற அதே எட்டு.
காரில் உட்கார்ந்து தனியே சிரித்தேன்.

இன்று பதினேழு.
சனிக்கிழமை. பயிற்சி முடிந்த சிறுவர்கள்
பெட்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.
காலுறை ஒன்று சரிந்த ஒருவன் கேட்கிறான்:
"எங்கள் தலைக்கு மேலே விடுங்களேன்."

யூக்கலிப்டஸ் உச்சி
வளைந்து வளைந்து நிமிர்கிறது.
குஞ்சு பொரிக்கும் மாதம்;
கிளையில் ஒரு மேக்பை
என் உச்சந்தலையை அளவெடுக்கிறது.
பெட்டி பாதி திறந்திருக்கிறது.
பேட்டரி வயிற்றருகே இன்னும் சூடு.

"இன்றைக்கு இல்லை."
எனக்கே புதிதாக இருந்தது குரல்.

"பயமா?" என்றான்.
"காற்று" என்றேன்.
ஜிப்பை இழுத்து மூடினேன்.

காருக்குள் வந்து எழுதினேன்:
பதினேழு. பறக்கவில்லை.
எண்ணிக்கையில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

வெளியே அந்த மேக்பை
பக்கக் கண்ணாடியில் தெரிந்த இன்னொரு மேக்பையைக்
கொத்திக்கொண்டே இருந்தது.