வாப்பா விழுந்துட்டாரு

இஷா தொழுதுவிட்டு
அரிசி களைந்துகொண்டிருந்தேன்.
மாடியிலிருந்து நஸ்வான் அலறினான்:
"வாப்பா விழுந்துட்டாரு!
யாராச்சும் தூக்குங்கடா!"

எத்தனை படி ஏறினேன் தெரியாது.
ஈரக்கையில் அரிசி ஒட்டியிருந்தது.
ஷார்ஜாவில்
இருபதாவது மாடிக்கு வெளியே தொங்கிக்கொண்டு
கண்ணாடி துடைக்கிறவர் அவர்.
விழுவது என்ற சொல்லை
எங்கள் வீட்டில் யாரும்
விளையாட்டுக்குக்கூடச் சொல்வதில்லை.

அறையில் விளக்கில்லை.
திரையில் ஒரு கிடங்கின் ஓரம்
ரத்தம் சொட்டத் தவழ்ந்துகொண்டிருந்தான் ஒரு சிப்பாய்.
"பொறுங்க வாப்பா, வர்றேன்.
சுட்டவன முடிச்சிட்டு வர்றேன்."
சிப்பாயின் தலைக்கு மேல்
மச்சானின் பெயர்,
இங்கிலீஷில், ஒரு எழுத்துக் கூடுதலாய்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
மூச்சு வந்த பிறகுதான்
கோபம் வந்தது.

முன்பொரு தடவை வைஃபை பெட்டியைப் பிடுங்கி
மாசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன்.
எதிர்வீட்டுச் சுவரோரம் குந்தி
அவர்கள் இணையத்தில் சுட்டான்.
பெட்டியில் மாசி வாடை ஏறியதுதான் மிச்சம்.
தம்பியின் நெற்றியில் விரலை வைத்து
'ஹெட்ஷாட்' என்றதற்கு
அடித்தும் இருக்கிறேன்.
சின்னவன் என் கையைப் பார்த்துக் கேட்டான்:
"இப்ப உங்களுக்கு எத்தன பாயிண்ட் உம்மா?"

அன்றிரவு மச்சானைப் பிடித்தேன்.
நீங்களுமா, எனக்குத் தெரியாமலா?
ஒன்றரை மணி நேரம் பிந்திய ஊரில்
கட்டில்மேல் கட்டிலாய் எட்டுப் பேர் அறையில்
குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"போன் போட்டா
'ம்', 'சாப்டேன்', 'உம்மாட்ட குடுக்குறேன்'.
அதுக்கு மேல பேசமாட்டான் ராவியா.
அதுக்குள்ள போனா
முக்கா மணி நேரம் பேசுறான்.
வாப்பா குனிங்க, வாப்பா ஓடுங்க,
எம் பின்னாலயே வாங்க வாப்பா.
எனக்குச் சுடவே வராது.
அவன் பின்னாலயே போவேன்,
அவ்வளவுதான்."

அரிசியை மறந்துபோனேன்.
காலையில் புளித்துக் கிடந்தது.

அழித்துவிடு என்று சொன்னால்
வாப்பாவையும் சேர்த்து அழிக்கச் சொன்னதாகும்.
இதையே இரண்டு நாள்
மீனோடு மீனாய் அலசினேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுப்பு.
அஸருக்குப் பிறகு போனைக் கையில் திணித்து
நஸ்வானை ஜெட்டிக்கு அனுப்பினேன்.
"வாப்பாவுக்குக் கடலக் காட்டு.
முன்னால நீ போ,
அவர் பின்னால வரட்டும்."

முறைத்தான்.
போனான்.
சின்னவனை இழுத்துக்கொண்டு
கொஞ்சம் தள்ளி நானும் நடந்தேன்.

முதல் தெரு முழுக்கப் பேச்சே இல்லை.
மீன்கடைத் திருப்பத்தில்தான் வாய் திறந்தான்:
"வாப்பா, இடது பக்கம் நாய். பாத்து."
பிறகு,
"சிங்கி இறால் ஏலம் போகுது வாப்பா,
அந்த மஞ்சள் சட்டை நூறு ஏத்துறாரு."
பிறகு,
"குனிங்க, குனிங்க, வலை காயுது."
அவன் குனிந்தான்.
அங்கே கட்டிலில்
அவரும் குனிந்ததை
அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தேன்.

ஜெட்டி முனையில் சிக்னல் அறுந்தது.
கடலைப் பார்க்கும் முன்பே
வாய் பாதி திறந்தபடி
அவர் முகம் உறைந்துவிட்டது.
போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தான்,
பலகையில் ஏறிப் பார்த்தான்.
"பொறுங்க வாப்பா, வர்றேன்"
என்று கரையை நோக்கி ஓடினான்.
எங்களை இடித்துக்கொண்டு ஓடினான்.
நின்றுகூடப் பார்க்கவில்லை.

முழுதாக விட்டுவிடவில்லை, பொய் சொல்வானேன்.
சனிக்கிழமை ஒரு மணி நேரம்,
கதவு திறந்திருக்க, விளக்கு எரிய,
பக்கத்தில் நான் வெங்காயம் உரிக்க.
சட்டம் ஒன்றுதான் போட்டிருக்கிறேன்:
யார் விழுந்தாலும்
முதலில் தூக்கிவிட வேண்டும்.
எதிரியையுமா என்று கேட்டான்.
எதிரியைத் தூக்க அதில் பொத்தான் இல்லையாம்.

அப்படியானால்
நம் ஆட்களையாவது தூக்கு என்றேன்.

அன்றிலிருந்து
வாப்பாவும் மகனும்
ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை.