ஏழாம் பாகம், பக்கம் 143

புடுவில் பேரிங் விற்கும் கடைக்கு மேலே
மூன்றாம் மாடியில் எனக்கு வேலை.
ஜப்பானிய எழுத்தை அழித்துவிட்டு
குமிழிக்குள் மலாய் எழுத்தை உட்கார வைப்பது.
முத்தத்துக்கு முந்தைய பெருமூச்சுக்கு எட்டுப் பாயிண்ட்,
கதவு அறையும் சத்தத்துக்குப் பன்னிரண்டு.
மாதம் மூன்று காதல் கதை.
யாரும் என்னோடு பேச வேண்டியதில்லை.

இந்தக் கதையின் பெண்
ஓட்டுத் தொழிற்சாலையில் கணக்கெழுதுகிறாள்.
தினமும் அதே அவித்த முட்டை, அதே நாற்காலி.
சட்டைக் கழுத்தின் லேபிளைக் கத்தரித்த பிறகே உடுத்துகிறாள்.
(என் மேசை இழுப்பறையில் பதினாறு கிடக்கின்றன.
ஏன் சேர்க்கிறேன் என்று கேட்காதீர்கள்.)
முதல் பாகத்தில் அவன் கேட்பான்:
ஏன் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாய்?
அவள் சொல்வாள்:
பார்த்தால் கேட்காது.

மலாயில் அது நான்கு சொல்லானது.
நான்கையும் குமிழியின் நடுவில் நிறுத்த
எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது.

ஆறு பாகம் ஓடிவிட்டது.
அவளுக்கு என்ன என்று எவரும் சொல்லவில்லை.
டாக்டர் வரவில்லை. அம்மா அழவில்லை.
மிஸ் லியூ ஒருநாள் வந்து நின்றார்.
வாசகர்கள் கேட்கிறார்களாம்,
கீழே ஒரு வரி குறிப்புப் போடலாமா?
ஓரத்தில் பதினான்கு மில்லிமீட்டர் இருந்தது. அளந்தேன்.
அந்தப் பெயர் அதில் தாராளமாக அடங்கும்.
வேண்டாம் என்றேன்.
சொல்லிவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை.

செந்தூலில், இரண்டாம் வகுப்பில்,
மணி அடிக்கும்போது காதைப் பொத்தியதற்குப்
பிடிவாதம் என்று பெயர் வைத்தார்கள்.
ராங்கி என்றாள் சித்தி.
கல்யாண மண்டபத்தில் மேளத்துக்குப் பயந்து
செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடியபோது
காத்து கருப்பு என்று தாயத்து கட்டினார்கள்.
சரியான பெயர் ஒன்று அன்றைக்கு இருந்திருந்தால்
இரண்டு பிரம்படியாவது குறைந்திருக்கும்.
இல்லை, அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லியே
அடித்திருப்பார்களோ.

தெரியவில்லை.

பிறகு ஏழாம் பாகம் வந்தது.
பக்கம் 143. முழுப்பக்கப் படம். மழை.
(ஈரச் சட்டையோடு இவள் நிற்பாளா? சரி, விடு.)
அவள் தலை நிமிர்ந்து
அவன் கண்ணுக்குள் நேராகப் பார்க்கிறாள்.
விழியில் நான்கு நட்சத்திரம் வரைந்திருக்கிறார்கள்.
காதல் அவளைச் சொஸ்தமாக்கிவிட்டதாம்.

குகநேசனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.
எல்ஆர்டி பணிமனையில் பிரேக் பார்ப்பவர்.
எங்கள் காதல் முழுக்க அவர் மோட்டார்சைக்கிளில்,
ஜாலான் ஈப்போ நெடுக,
இருவரும் ஒரே திசையைப் பார்த்தபடி.
அவர் முதுகிடம் சொன்னதையெல்லாம்
வேறெந்த முகத்திடமும் நான் சொன்னதில்லை.
சிவப்பு விளக்கில் அவர் திரும்ப மாட்டார்.
பக்கக் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் மேலே தள்ளிவிடுவார்,
அதில் வானம் தெரியும்படி.

குமிழியைப் பிடித்தேன்.
வலது மூலையில் மேகத்தின் மேல் கிடந்தது.
இடப்பக்கம் மூன்று சென்டிமீட்டர் நகர்த்தினேன்.
சற்றுப் பெரிதாக்கினேன்.
நட்சத்திரம் நான்கும் போயின.
இப்போது அவளுக்கு மூக்கு இருக்கிறது,
நனைந்த முன்முடி இருக்கிறது,
கண் இருக்க வேண்டிய இடத்தில்
அவள் சொல்லும் வாக்கியம் இருக்கிறது.

மிஸ் லியூ பார்த்தார்.
எழுத்துப்பிழை ஒன்றுமில்லை என்றார்.
நாலு மணி இடி இடித்தது.
காதில் பஞ்சை வைத்துக்கொண்டு
பக்கம் 144ஐத் திறந்தேன்.
அவன் துவாலை தேடிக்கொண்டிருந்தான்.