எட்டுக் கண்ணாடிகள்

லிஷிங்காவில் அன்றிரவு தகரக் கூரைமேல் மழை.
அந்தச் சத்தத்துக்குள் ஒரு பட்டாளமே நுழைந்திருக்கலாம்.
நுழைந்தது இரண்டு பேர், அல்லது மூன்று.
சேற்றுக் கால்தடங்களைப் பார்த்து
ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள்.

சமையலறை ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளை
ஒவ்வொன்றாய் உருவி
புல்லின்மேல் அடுக்கி வைத்திருந்தார்கள்,
கழுவிக் கவிழ்த்த தட்டுகள் மாதிரி.
ஒன்றுகூட உடையவில்லை.
எனக்கு முதலில் வந்தது கோபமல்ல.
இத்தனை பொறுமையாய்
நான் எதையாவது செய்ததுண்டா
என்ற யோசனை.

போனவை:
மடிக்கணினி. கேஸ் அடுப்பு.
டோரிவாலின் ஒரே நல்ல காலணி.
பிரேசிலிலிருந்து கிளம்பும்போது
தங்கை பின்னிக் கொடுத்த மேசை விரிப்பு.
கறுப்பு பீன்ஸ் ஊறிக்கொண்டிருந்த குக்கர்.
பீன்ஸைக் கீழே கொட்டவில்லை,
தண்ணீரோடு தூக்கிப் போயிருக்கிறார்கள்.
எங்கோ யாரோ எங்கள் மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருப்பார்கள்.
உப்புப் போட்டார்களோ என்னவோ.

வேதாகமம் மேசைமேலேயே இருந்தது.
கர்த்தர் காத்தார் என்றார் டோரிவால்.
யாருக்கும் தேவைப்படவில்லை என்று நினைத்தேன்.
சொல்லவில்லை.

வெயில் ஏறுமுன் அடீஜா வந்தாள்.
அவள் பின்னால் பள்ளிவாசல் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர்.
எழவு வீட்டுக்கு வருவதுபோல் வந்து
பாய் விரித்து, கால் நீட்டி,
பேசாமல் உட்கார்ந்தார்கள்.
நான்கு வருடத்தில் எங்கள் ஆராதனைக்கு
ஒருநாளும் வராதவர்கள்.
ஒருத்தி ஒரு சட்டியைக் கொண்டுவந்து
அடுப்பு இருந்த இடத்தில் வைத்தாள்.
அடியில் கரி. மூடி வேறு சட்டியுடையது.

காவல் நிலைய மேசைக்கு மூன்று கால்,
நான்காவதற்குச் செங்கல்.
"யார்மேல் சந்தேகம்?"
எழுதுகிறவர் தலை நிமிரவில்லை.
யார்மேலும் இல்லை என்று
நான் வாய் திறப்பதற்குள்
டோரிவால் ஒரு பெயரைச் சொல்லிவிட்டார்.
சைதே. எங்கள் இரவுக் காவலாளி.
அன்றிரவு சைதே வரவில்லை,
அவன் அக்காள் மகனுக்குக் காய்ச்சல்;
முந்தின நாளே என்னிடம்தான் சொல்லிப் போனான்.
அதை அங்கே நான் சொல்லியிருக்கலாம்.
செங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு இரவு உள்ளே வைத்திருந்தார்கள்.

திருச்சபைத் தலைமையகத்திலிருந்து படிவம் வந்தது.
இழந்த பொருள், வாங்கிய ஆண்டு, மதிப்பு.
டோரிவால் நிரப்பினார், நான் விலை சொன்னேன்.
விரிப்புக்கு மட்டும் விலை தெரியவில்லை,
கோடு போட்டுவிட்டோம்.
நாங்கள் எடுத்ததை எழுத
அதில் கட்டம் இல்லை.
எடுத்தது என்ன? ஒரு பெயர்.
நல்ல பெயர். பதினோரு வருடம்
அந்தத் தெருவில் ராத்திரி விழித்துச் சேர்த்தது.
திருப்பித் தர முடியாது. நானும் தேடிப் பார்த்தேன்.
டோரிவால் மன்னிப்புக் கேட்டார்,
கேட்டின் வெளியே, வெறுங்காலோடு நின்று.
சைதே கேட்டுக்கொண்டான்.
சரி என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.
"அந்தக் கண்ணாடிகளை எங்கே வைத்தீர்கள்?" என்றான்.

ஒவ்வொன்றாய்ச் சொருகினான்.
இடது கண்ணுக்குக் கீழே வீக்கம்,
தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.
மொத்தம் எட்டு.
ஜன்னலில் ஒன்பது பள்ளம்.
ஒன்பதாவது எங்கே போயிற்றென்று
யாருக்கும் தெரியவில்லை. அவன் கேட்கவுமில்லை.
சுவிசேஷப் புத்தகங்கள் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து
அளந்து, வெட்டிப் பொருத்தினான்.

இப்போதும் இரவில் வருகிறான்.
மணிக்கொரு தடவை வீட்டைச் சுற்றி வருகிறான்.
டார்ச் வெளிச்சம் ஜன்னல் ஜன்னலாய் நகர்கிறது,
எட்டுக் கண்ணாடிக்குள் புகுந்து வருகிறது,
அட்டையில் நின்றுவிடுகிறது.
பக்கத்தில் டோரிவாலும் தூங்கவில்லை.
மூச்சை வைத்துத் தெரியும்.
திருடன் வருவானென்ற பயமெல்லாம் போய்விட்டது.
வந்தாலும் பரவாயில்லை.
அந்தச் செருப்புச் சத்தம்
நம் ஜன்னலுக்கு நேரே வரும்போது
நிற்கிறதே, ஒரு நிமிடம்,

அதற்குத்தான்.