ரசமட்டம்

வலது புருவத்துக்கு மேலே
ஊதா மையால் ஓர் அம்பு போட்டாள் நர்ஸ்.
இந்தக் கண்தானே? இதுதான்.
வெட்ட வேண்டிய டைலில் நானும் இப்படித்தான்
பென்சிலால் குறிப்பேன்,
இரண்டு தடவை அளந்துவிட்டு.

பத்து நிமிஷத்துக்கு ஒரு சொட்டு மருந்து.
நாலாவது சொட்டில் சுவர்க்கடிகாரத்தின் முள் கரைந்தது.
பின்னலை அவிழ்க்கச் சொன்னார்கள்.
தோடு, மோதிரம், கொண்டை ஊசி ஒரு பிளாஸ்டிக் பைக்குள்.
நகக்கண்ணில் இருந்த வெள்ளைச் சிமெண்டை
எந்தப் பையிலும் போட முடியவில்லை.

கண்ணை மரக்கவைத்தார்கள், காதை விட்டுவிட்டார்கள்.
டாக்டர் லந்தீவார் கால்பந்து பேசிக்கொண்டே
என் விழித்திரையை ஒட்டினார்.
"சுவரில் காகிதம் உரிந்த மாதிரி இருக்கு, செவெரீனா."
ஓதம் ஏறிய சுவரில் எதுதான் நிற்கும் டாக்டர்,
என்று சொல்ல வந்தேன்.
வாய்மேல் துணி.

கடைசியில் கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழி.
ஏழு நாள் குப்புறப் படுக்கணும்,
குமிழி கரையும்வரை மேலே ஏறக்கூடாது.
எவ்வளவு மேலே?
"உங்க வீட்டுக்கு," என்றார்.

எல் ஆல்தோ நாலாயிரம் மீட்டர்.
இங்கே, சாந்தா குரூஸ், வெறும் நானூறு.
ஏறினால் குமிழி வீங்கும், கண் தாங்காது.
மணிக்கட்டில் பச்சை வளையம் பூட்டி அனுப்பினார்கள்,
சந்தைக்கு விட்ட ஆடு மாதிரி.

தங்கை நியேவெஸ் வீட்டில்
தலையணை இடுக்கில் முகம், கீழே தரை.
பதினெட்டு வருஷம் டைல்ஸ் பதித்தவளுக்கு
வந்து வாய்த்த தண்டனை:
அவள் புருஷன் வில்தெர் பதித்த தரையை
இடது கண்ணால் ஏழு நாள் பார்ப்பது.
மூன்றாம் வரிசையில் ஒன்று தூக்கல்.
விரலால் தட்டினேன், உள்ளே பொள்ளல்.
சாப்பாட்டுத் தட்டைத் தரையில் தள்ளிவிட்டு
வில்தெர் காலோடு ஓடிப்போவான்.
அவனை அந்த வாரம் செருப்பாகத்தான் தெரியும்.

சனிக்கிழமை மேலே என் வீட்டுக்குத் தளம் போடுகிறார்கள்.
ஆறு வருஷச் சீட்டுப்பணம்.
தரையில் வைத்த போனில் மகள் தனிட்ஸா:
மிக்ஸர் சத்தம், பீர் பெட்டிகள், வாளியோடு ஆட்கள், காற்று.
மட்டம் பாத்தாச்சா?
கொத்தனார் பாத்தாரும்மா.
நீ பாத்தியா?

கொஞ்ச நேரம் போனில் வானம் மட்டும்.
பிறகு மஞ்சள் கண்ணாடிக்குழாய்,
அதற்குள் குமிழி.
கட்டுப்போட்ட கண்ணுக்குள் ஒரு குமிழி,
கட்டில்லாத கண்ணுக்கு எதிரே ஒரு குமிழி.
இடது பக்கம் ஒரு நூல் இறக்கம், என்றேன்.
மிக்ஸர் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது,
முட்டுக்கொடுத்து ஏற்றும்வரை
ஒரு வாளியும் கவிழவில்லை.

எட்டாம் நாள் எழுந்து நின்றேன்.
வலக்கண்ணில் ஒரு நீர்க்கோடு:
நான் எப்படிச் சாய்ந்தாலும் அது சாயவில்லை.
கோட்டுக்கு மேலே உலகம், கீழே தளும்பல்.
நியேவெஸ் வீட்டுப் படங்கள் எல்லாம் கோணல்
என்பதைச் சொல்லாமல் இருக்கவே
எனக்குப் பெரும்பாடு.

கோடு வாரம் வாரம் இறங்கியது.
குமிழி பட்டாணி ஆயிற்று, கடுகு ஆயிற்று.
வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்
காணோம்.
சந்தை நடுவில் நின்று தேடினேன்,
கைக்குள் இருந்த சாவி தொலைந்த மாதிரி.

வளையத்தை வில்தெரே வெட்டினான், டைல்ஸ் கட்டரால்.
மூணாம் வரிசையைப் பெயர்த்துப் போட்டுட்டேன் அக்கா,
என்றான் வாசலைப் பார்த்தபடி.

ராத்திரி பஸ். காது அடைத்துத் திறந்தது.
விடியும்போது என் வீட்டு மொட்டைத்தளம்.
வலக்கண்ணுக்கு அதன் விளிம்பு இன்னும் ஒரு நூல் வளைவு;
இடக்கண்ணுக்கு நேர்.
எந்தக் கண்ணைக் கேட்பது?
இந்தத் தடவை யாரும் சொல்லாமலே
குப்புறப் படுத்தேன்.
கன்னத்தில் சிமெண்ட் குளிர்.