சிறிய எழுத்தில்

வால்டிவியாவில் மழைக்கு ஞாயிறு கிடையாது.
ஆற்றங்கரை மீன்சந்தையில்
கடல்சிங்கங்கள் குடலுக்கு வாய் பிளந்து நிற்கின்றன.
பூட்ஸுக்குள் தண்ணீர்,
கையுறைக்குள் தண்ணீர்,
காலருக்குப் பின்னால் தண்ணீர்.
ஓரிடம் மட்டும் காய்ந்துவிட்டது.

அதன் பெயரை
ஐம்பத்துமூன்று வருஷத்தில் நான் உரக்கச் சொன்னதில்லை.
சுகாதார நிலையத்தில் அந்தப் பெண் சொன்னாள்:
யோனி.
தராசில் கிடப்பது என்ன மீன் என்று கேட்டால்
நான் பதில் சொல்வேனே, அப்படி.
பேறுகாலச் செவிலி என்று கதவில் எழுதியிருந்தது.
என் கடைசிப் பேறு லாரி ஓட்டுகிறது,
அடுத்த மாதம் அதற்குக் கல்யாணம்.

அவளிடம் போவதற்கு முன்
மருந்துக்கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து
கண்ணில் பட்ட முதல் ஜெல்லை வாங்கி வந்திருந்தேன்.
ஸ்ட்ராபெர்ரி வாசனை.
மிளகாய் நறுக்கிய விரல்
கண்ணில் பட்டதுபோல் எரிந்தது.
வலிக்குதா என்றான் ரெமிஹியோ.
இல்லை என்றேன்.
பொய் சொல்லவும் கொஞ்சம் ஈரம் வேண்டும்,
வாயில் அதற்கு மட்டும் குறையில்லை.

பிறகு மாத்திரை.
இரவு வியர்வை நின்றது, சரி.
மார்பு கனத்துப்போய்
மேசை விளிம்பு பட்டாலே உயிர் போனது.
எல்லாம் நின்று மூன்று வருஷம் கழித்து
உள்ளாடையில் ஒரு சிவப்புப் பொட்டு,
சட்டைப் பித்தான் அளவு.
அன்றைக்கு நாலு மீனைத் தப்பாக வெட்டினேன்.
ஸ்கேன் திரையில் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு.
பயமில்லை, மாத்திரையின் வேலைதான் என்றாள் செவிலி.
பயம் என்னவோ
வீடுவரை என்னோடு பஸ்ஸில் வந்தது,
டிக்கெட் எடுக்காமல்.

இப்போது களிம்பு.
செவ்வாய், வெள்ளி, படுக்கும் முன்.
கேக்கில் பூப்போடும் குழல் மாதிரி ஒன்று
பெட்டிக்குள் இருக்கிறது.
காலையில் பாதி வழிந்துவிடுகிறது.
கூடவே எட்டாய் மடித்த ஒரு தாள்,
எறும்புச் சாரையாய் எழுத்து.
செதில் ஒட்டிய என் மூக்குக்கண்ணாடிக்கு அது பிடிபடவில்லை.
பக்கத்துக் கடை எர்மெலிந்தாவிடம் நீட்டினேன்.
விலை கூவும் குரலிலேயே படித்தாள்:
எரிச்சல்! அரிப்பு! தலைவலி!
மார்பில் வலி, சிலருக்கு ரத்தக்கசிவு!
இறால் வாங்க வந்தவர்
மீதிச் சில்லறை வாங்காமல் போனார்.

தாளை மடித்தவள்
எனக்கு இது வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர், என்றாள்.
ஒரு மார்பை எடுத்தபிறகு
ஐந்து வருஷத்துக்கு மாத்திரை அவளுக்கு.
கட்டியைத் திரும்ப வரவிடாமல் பார்த்துக்கொள்கிறது,
கண்ணை, வாயை, அதை
எல்லாவற்றையும் உலர்த்திப்போடுகிறது.
ஹார்மோன் கலக்காத ஜெல் ஒன்று வைத்திருக்கிறாள்,
மூன்று நாளுக்கு ஒருமுறை.
உட்கார்ந்தால் எரியாமலிருக்க, அவ்வளவுதான் என்றாள்.
அவள் புருஷன் போய் ஏழு வருஷம்.
இரண்டு பேர் சம்பந்தப்பட்ட சங்கதி இது என்றே
அதுவரை நினைத்திருந்தேன் நான்.
என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே
கடல்சிங்கம் ஒன்று அவள் கூடையைக் கவ்வியது.
துடைப்பத்தால் ஒன்று வைத்தாள்.

ஆறாவது வாரம், ஒரு சனிக்கிழமை.
தகரக் கூரையில் மழை.
வலிக்குதா என்றான்.
கொஞ்சம் என்றேன்.
நிறுத்தினான்.
வெளியே போய் விறகு எடுத்துவந்து
அடுப்பில் போட்டுவிட்டுப் பக்கத்தில் படுத்தான்.
கை பனிக்கட்டி.
நான் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது.
அப்புறம் வெகுநேரம் சிரித்தோம்,
வேறொன்றும் நடக்கவில்லை.

காலையில் குழலைக் கழுவி
ஜன்னலோரம் கவிழ்த்து வைத்தேன், செவ்வாய்க்கிழமைக்கு.
இந்த ஊரில் எதுவும் சீக்கிரம் காயாது.